பிரேக் மாஸ்டரின் வலது கணுக்கால்

லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டியதும் அவருடைய வலது கால் மெல்ல முன்னே நகர்கிறது. இரண்டாவது மாடியில் குதிகால் தரையில் ஊன்றிக்கொள்கிறது. முதல் மாடி வரும்போது பாதத்தின் முன்பகுதி அழுத்தத் தொடங்குகிறது. தரைத்தளத்தில் லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றதும், தானே நிறுத்திவிட்ட திருப்தியில் காலை எடுத்துக்கொண்டு, "இறங்கலாம்" என்கிறார். கூட வருகிற நாங்கள் யாரும் சிரிப்பதில்லை, பழகிவிட்டது. ஒருமுறை லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனபோது ஐந்தாவது மாடிக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்து, "மாஸ்டர், கொஞ்சம் காலை எடுங்க" என்றார்.

எங்கள் அடுக்ககத்தின் நான்காவது மாடியில் என் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவருடையது. வயது ஐம்பத்தெட்டு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த நேரத்தைவிடப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். பயிற்சிக் காரில் அந்த இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டப் பழகுகிறவர் தடுமாறினால் ஆசிரியர் மிதிப்பதற்கு. பிரேக் மாஸ்டர் என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும். சொந்தப் பெயர் மின்கட்டணச் சீட்டில் இருக்கிறது. அதை அவருடைய மனைவியே ஒரு நிமிடம் யோசித்துத்தான் சொல்வார்.

குள்ளமான உருவம். முழுக்கைச் சட்டையை இரண்டு மடிப்பு மடித்திருப்பார், மூன்றாவது மடிப்பு கிடையாது. வலது காலணியின் அடித்தோல் எட்டு மாதத்தில் தேய்ந்துவிடும், இடது காலணி புதுசு மாதிரியே இருக்கும். தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் ஒற்றைக் காலணியை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பார். அவரும் முதலில் இரண்டு தடவை, "இன்னொண்ணு எங்க சார்?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்.

கற்றுக்கொள்ள வருகிற எல்லோரையும் அவர் 'டிரைவர்' என்றுதான் கூப்பிடுவார். சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் விழிக்கிறவருக்கும் முதல் நாளே அந்தப் பட்டம் கிடைத்துவிடும். "வாங்க டிரைவர், உக்காருங்க. வண்டி உங்களுது, ரோடும் உங்களுது. பிரேக் மட்டும் என்னுது" என்பார். நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். எனக்கும் இருந்தது.

கோளாறும் அதில்தான் இருந்தது. அவர் பிரேக்கை யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை. தூரத்தில் ஒரு நாய் வாலை ஆட்டினால் மிதிப்பார். எதிரே வருகிற பஸ்ஸின் டிரைவர் தும்மினால் மிதிப்பார். நம் மூளைக்கு 'அடடா, நிறுத்த வேண்டும்' என்று செய்தி போய்ச்சேர்வதற்குள் வண்டி நின்றுபோயிருக்கும். "முப்பத்தோரு வருஷம். ஒரு கீறல் கிடையாது" என்று கதவைத் தட்டிக் காட்டுவார். அது உண்மை. அவருடைய கார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்றுதான் இருக்கும்.

அவரிடம் படித்தவர்களின் கார்கள் அப்படி இருக்காது. நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். நாற்பத்திரண்டு வயதில் ஆசைப்பட்டு அவரிடம் படித்தேன். தேர்வன்று அதிகாரி பின்னிருக்கையில், மாஸ்டர் என் பக்கத்தில். முதல் முயற்சியிலேயே உரிமம் கிடைத்தது. ஒரு பழைய காரை வாங்கினேன். முதல் நாள் கடைவீதி வரை போய், பத்திரமாகத் திரும்பி, எங்கள் அடுக்ககத்தின் கேட்டுக்குள் நுழைந்தேன். தூண் எதிரே வந்தது. வண்டி நிற்கும் என்று காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன், கைகளை ஒழுங்காக ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு. வண்டி போய்த் தூணில் முட்டியது.

சத்தம் கேட்டு மாஸ்டர் நான்கு மாடி இறங்கி வந்தார். நசுங்கிய முன்பகுதியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏன் டிரைவர் மிதிக்கல?"

"நீங்க மிதிப்பீங்கன்னு இருந்துட்டேன் மாஸ்டர்."

அவர் தூணில் ஒட்டியிருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு மேலே போனார். பிற்பாடு விசாரித்ததில், இதே கதை ஒரு பல் டாக்டருக்கும், பேக்கரி நடத்துகிற அக்கா ஒருவருக்கும் நடந்திருக்கிறது என்று தெரிந்தது. நான் காரை விற்றுவிட்டுப் பஸ்ஸுக்கே திரும்பினேன். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இருந்தாலும் எதிர் வீட்டுக்காரர் மேல் எத்தனை நாள்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள முடியும்?

அவருடைய கணுக்கால் உடைந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை. மாப்பிள்ளையின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறார். ஒரு வளைவில், முன்னால் ஒரு தள்ளுவண்டி. இடைவெளி தாராளமாக இருந்தது, மாப்பிள்ளையும் வேகத்தைக் குறைத்துவிட்டார். ஆனால் மாமனாரின் வலது கால் அதற்குள் பாய்ந்துவிட்டது. காரில் என்றால் அங்கே பெடல் இருந்திருக்கும். ஸ்கூட்டரில் அங்கே இருந்தது ரோடு.

"என் பிரேக் நல்லாத்தான் பிடிச்சுது. மாமாவும் கூடச் சேர்ந்து பிடிச்சாரு" என்று மாப்பிள்ளை இன்றைக்கும் பாவமாகச் சொல்கிறார். அவர் மேல் தப்பில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மாமனார் நொண்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் வாடிவிடும்.

கணுக்காலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் புடைத்துத் தெரிகிற இரண்டு எலும்புகளும் உடைந்து, பாதம் ஒரு பக்கமாக விலகிப்போயிருந்தது. மாவுக்கட்டு மட்டும் போதாது, திறந்து நேராக்கித்தான் பொருத்த வேண்டும் என்றார்கள். வெளிப்பக்கம் ஒரு தகடும் ஏழு ஸ்க்ரூக்களும், உள்பக்கம் இரண்டு நீள ஸ்க்ரூக்கள். அந்த எக்ஸ்ரே படத்தைக் கூடத்து ஜன்னலில் ஒட்டிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பார். "வீட்டுக்கு வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்கிறதுக்கு முன்னாடி எலும்பைக் காட்டுறாரு" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார். அந்த அம்மா நூலகத்தில் வேலை பார்க்கிறவர். வெளியே மெதுவாகப் பேசிப் பேசிச் சேர்த்துவைத்ததையெல்லாம் வீட்டில் வந்து சத்தமாகப் பேசுவார்.

எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது. ஐந்தாவது மாதம் மாஸ்டர் வேலைக்குப் போனார். மூட்டுக்குள்ளே இருந்த குருத்தெலும்பு மட்டும் அடிபட்டதை மறக்கவில்லை. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கியதும் முதல் பத்து அடிக்குச் சுவரைப் பிடித்துக்கொள்வார். சாயங்காலம் கணுக்கால் வீங்கி, காலுறை பதிந்த கோடு வளையம்போல நிற்கும். இறுக்கமான உறை போட்டுப் பார்த்தார், ஊசி போட்டுப் பார்த்தார். பெடலை மிதிக்கும்போது வலி தெரியாமலிருக்கப் பாதத்தை மடக்காமல் தொடையிலிருந்து காலை மொத்தமாகத் தள்ளப் பழகிக்கொண்டார். எக்ஸ்ரே வகுப்பு தானாக நின்றுபோனது. படம் எப்போது ஜன்னலைவிட்டுப் போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

போன வருடம் ஒரு சாயங்காலம், பழகுகிற பெண் ஒருத்தி திருப்பத்தில் வேகமாகத் திரும்பிவிட்டாள். எதிரே சைக்கிளில் ஒருவர். மாஸ்டர் மிதித்தார். கணுக்காலில் சுருக்கென்று ஒரு வலி, கால் பாதி வழியில் நின்று, பிறகுதான் போய்ச் சேர்ந்தது. வண்டி சைக்கிள்காரரின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சைக்கிள்காரர் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விட்டார். பழகுகிற பெண்ணுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. மாஸ்டருக்குத் தெரிந்தது. நேராகப் பள்ளிக்குப் போய் முதலாளியிடம் சாவியைக் கொடுத்தார்.

"என் கால் இன்னைக்கு லேட்டா வந்துச்சு. நாளைக்கு வராமலே போகும். இனிமே என்னை வண்டியில ஏத்தாதீங்க."

அன்று வீட்டுக்கு வந்தவர் லிஃப்டில் ஏறவில்லை. வீங்கிய காலோடு நான்கு மாடியும் படியிலேயே ஏறினார். படியில் எதிர்ப்பட்ட என்னிடம் சைக்கிள்காரரைப் பற்றிச் சொல்லிவிட்டு, "ஒரு உசுரும்மா" என்றார். அன்றைக்கு மட்டும் என்னை டிரைவர் என்று கூப்பிடவில்லை. கோபமெல்லாம் எனக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

எலும்பு டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, தேய்ந்த மூட்டைச் சுரண்டி, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஒன்றாக ஒட்டவைத்துவிடுவது. வலி போய்விடும், காலத்துக்கும் உழைக்கும், ஆனால் கணுக்கால் மடங்காது. இன்னொன்று, மூட்டையே மாற்றுவது. மேலே ஓர் உலோகத் தட்டு, கீழே ஓர் உலோகக் குமிழ், நடுவே வழுக்கிக்கொடுக்க ஒரு கெட்டிப் பிளாஸ்டிக். பாதம் மடங்கும், நிமிரும். ஆனால் செயற்கை மூட்டும் தேயும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து மறுபடி திறக்க வேண்டி வரலாம். பழைய தகட்டையும் ஸ்க்ரூக்களையும் முதலில் கழற்ற வேண்டும், புண் ஆறுவதில் சிக்கல் வரலாம், சரியாக அமையாமலும் போகலாம். டாக்டர் எதையும் மறைக்கவில்லை.

"நீங்க காலை எதுக்கு அதிகமாப் பயன்படுத்துறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"மிதிக்கிறதுக்கு."

"மிதிச்சு என்ன பண்ணப்போறீங்க? ஒட்டவச்சுக்கிட்டு வலியில்லாம நிம்மதியா நடங்க" என்று மனைவி குறுக்கே புகுந்திருக்கிறார். "கல்யாணம் பேசி முடிச்சப்பவே ரெண்டு வருஷம் போகட்டும்னு பிரேக் போட்ட மனுஷன், டாக்டர், இவரு. இன்னும் யாரை நிறுத்தணுமாம்?"

வீட்டுக்கு வந்தும் ஒரு வாரம் இந்தச் சண்டை நடந்தது. இரண்டு கதவு தாண்டி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசியில் மாஸ்டர் சொன்ன ஒரு வார்த்தையில் அந்த அம்மா அடங்கிப்போனார். "ஒட்டவச்சா எனக்கு வலி இருக்காது. ஆனா நான் என்னவா இருப்பேன்?" மறுநாள் அந்த அம்மாவே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, மூட்டு மாற்றுவதற்கு நாள் கேட்டார்.

ஆபரேஷன் கதையை மாஸ்டர் என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். தூங்க மருந்து தருகிறோம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். வண்டி ஓடும்போது தூங்கிப் பழக்கமில்லையாம். நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டிவிட்டதால் காலைப் பார்க்க முடியாது. ஆனால் தலைக்கு மேலே இருந்த பெரிய விளக்கின் பளபளப்பான விளிம்பில், மங்கலாகக் கைகள் தெரிந்தன.

"ரெண்டு ஜோடிக் கை. ஒண்ணு பெரிய டாக்டருது, இன்னொண்ணு படிக்கிற டாக்டரம்மாவுது. ஸ்க்ரூ கழட்டுறது யாருன்னு பாக்குறேன், அந்தப் பொண்ணு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு."

பயிற்சி டாக்டரும் கலந்துகொள்வார் என்று அவர் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தது. கற்றுக்கொள்ள வருகிறவர்களின் விண்ணப்பத்தை எழுத்தெண்ணிப் படிக்கிறவர், தன்னுடையதைப் படிக்காமலே கையெழுத்திட்டிருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம்.

தகட்டின் ஏழு ஸ்க்ரூக்களில் ஆறு ஒழுங்காக வந்துவிட்டன. ஏழாவதின் தலை மழுங்கிப்போயிருந்தது. திருப்புளி பிடிக்காமல் வழுக்குகிற சத்தம் திரைக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது.

"அந்தப் பொண்ணு திருப்புது, வழுக்குது. திருப்புது, வழுக்குது. அதுக்கு மூச்சு வாங்குறது எனக்குக் கேக்குது. நான் என்ன பண்றேன், அவ்வளவு பலத்தையும் சேத்து வலது காலால மிதிக்கிறேன். கால் எங்க இருக்கு? இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல டிரைவர். பாத்தா, பெரிய டாக்டர் ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னாடி கோத்துவச்சுக்கிட்டு சும்மா நிக்கிறாரு."

பொறுக்க முடியாமல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்திருக்கிறார். "டாக்டர், நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கக் கூடாதா?"

ஆபரேஷன் அறையில் எல்லோரும் ஒரு கணம் நின்றுவிட்டார்கள். கால் மரத்துப்போய்ப் படுத்திருக்கிறவர் யோசனை சொல்வதை அவர்கள் அடிக்கடி கேட்டிருக்க மாட்டார்கள்.

"எல்லாம் சரியா இருக்கு சார். அவசரப்படுத்தாதீங்க" என்றார் பெரிய டாக்டர். பிறகு அந்தப் பெண்ணிடம், "கருவியை மாத்து. தலையை விட்டுட்டு ஓரத்தைப் பிடி. நேரம் எடுத்துக்கோ" என்றாராம். கோத்த கையைப் பிரிக்கவில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. கிட்டத்தட்ட கால் மணி நேரம் இருக்கும். திடீர்னு ஒரு சின்னச் சத்தம், கிண்ணத்துல ஸ்க்ரூ விழற சத்தம். அந்தப் பொண்ணு 'வந்துடுச்சு சார்'னுச்சு. அந்தக் குரல் இருக்கே..." என்று இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடுவார். மூன்றாவது தடவைதான் மிச்சத்தைச் சொன்னார். "முப்பத்தோரு வருஷத்துல என் வண்டியில யாரும் அப்படி ஒரு குரல்ல பேசி நான் கேட்டதில்ல."

அதற்கப்புறம் எலும்பை வெட்டிச் சமன்செய்து புது மூட்டைப் பொருத்தியது முழுக்கப் பெரிய டாக்டர்தான். அந்தப் பகுதியை மாஸ்டர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுவார். "ரம்பம் போட்டாங்க, சுத்தியால தட்டினாங்க. பக்கத்து வீட்டுல அலமாரி மாட்டுற மாதிரி இருந்துச்சு."

இரண்டு வாரம் கட்டு. ஒரு மாதத்துக்கும் மேல் முழங்கால் வரை பெரிய பூட்ஸ். அதன் பிறகு பிசியோதெரபிப் பெண் வந்து, பெருவிரலை நீட்டிக் காற்றில் எழுத்து எழுதச் சொன்னாள். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'அ'னாவிலிருந்து எழுதினார். முதலில் கோடு கூட வரவில்லை. மூன்று வாரத்தில் 'இ' சுழித்தது. பிழை திருத்துகிறவள் என்ற முறையில் நானும் போய்ப் பார்த்து, 'ஔ' சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். "கையாலயே எனக்கு ஔ வராது, காலால எங்க வரும்?" என்றார்.

மூன்றாவது மாதம் எடை பார்க்கும் மிஷினைச் சுவரில் சாய்த்துவைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார், திடீரென்று "நில்லு!" என்று கத்துவார். மாஸ்டர் மிதிப்பார். எத்தனை கிலோ, எத்தனை நேரம் என்று மாப்பிள்ளை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். தினம் சாயங்காலம் அரை மணி நேரம் "நில்லு! நில்லு!" என்ற சத்தம் மாடி முழுக்கக் கேட்கும். கூரியர்காரர் ஒருவர் எங்கள் வாசலிலேயே உறைந்து நின்றுவிட்டார். பன்னிரண்டு கிலோவில் ஆரம்பித்த முள் நாற்பத்தைந்துக்கு ஏறியது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு மாப்பிள்ளையின் முகத்தில் ரத்த ஓட்டம் வந்ததை நான் பார்த்தேன்.

ஐந்தாவது மாதம் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். முதலாளி சாவியை எடுத்து நீட்டினார். எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள், மாஸ்டர் மட்டும்தான் பாக்கி. வீட்டில், சுவரில் சாய்த்த மிஷினை மிதிப்பது வேறு, ரோட்டில் ஒரு மனிதர் எதிரே வரும்போது மிதிப்பது வேறு என்று அவருக்குத் தெரியும். சாவி நான்கு நாள் கூடத்து ஆணியில் தொங்கியது. ஐந்தாம் நாள் என் கதவைத் தட்டினார்.

"டிரைவர், ஞாயித்துக்கிழமை காலையில சும்மா இருக்கீங்களா? உங்களை வச்சுத்தான் எனக்கு டெஸ்ட்."

"என்னையா? நான் தூணை இடிச்சவ மாஸ்டர்."

"அதனாலதான். உங்களை நிறுத்த முடிஞ்சா யாரை வேணா நிறுத்திடலாம்." பாராட்டா திட்டா என்று புரியவில்லை. சரி என்றேன். எனக்கும் கை நமநமவென்று இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "அன்னைக்கு என் கால் ஒரு தடவை லேட்டானாலும் திரும்பிடுவோம். சாவியைக் குடுத்துடுவேன், அதுக்கு மேல பேச்சு கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கிடங்குகள் நிறைந்த தெருக்களின் பக்கம் போனோம். ஆள் நடமாட்டம் குறைவு. கண்ணாடி பார், சிக்னல் போடு, இரண்டாவது கியர் என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே வந்தார். குரல் சாதாரணமாக இருந்தது. பார்வை மட்டும் ரோட்டில் பாதி, தன் பாதத்தில் பாதி என்று இருந்தது. முதல் இரண்டு தெருமுனைகளில் அவரே மிதித்தார். கால் சரியாகப் போனது. மூன்றாவதிலும் போனது. எனக்குத் தெரியாமல் ஒரு பெருமூச்சு விட்டார், நான் கேட்டுவிட்டேன்.

நான்காவது தெருவில், சாத்தியிருந்த கிடங்குக் கதவு ஒன்று திறந்து, உள்ளேயிருந்து ஒரு வேன் பின்னோக்கி வந்தது. மெதுவாக வரவில்லை. ஓட்டுகிறவர் எங்களைப் பார்க்கவே இல்லை. வேனின் பின்கதவில் ஒட்டியிருந்த எழுத்துகள் கிடுகிடுவென்று பெரிதாயின. அதைத் தவிர எனக்கு எதுவும் நினைவில்லை. பெல்ட் நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. வண்டி குலுங்கி நின்றது, என்ஜின் அணைந்தது. வேன் எங்கள் மூக்குக்கு முன்னால் வளைந்து, போய்விட்டது.

பிழைத்தோம் என்பதைவிட, அவருடைய கால் சரியான நேரத்துக்குப் போய்விட்டது, மனிதர் ஜெயித்துவிட்டார் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பிரமாதம் மாஸ்டர். கரெக்டா மிதிச்சிட்டீங்க."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பாதம் பெடலின் மேல் நேராக, அழகாக உட்கார்ந்திருந்தது. கணுக்கால் மடங்க வேண்டிய அளவு மடங்கியிருந்தது.

"நான் மிதிக்கல" என்றார்.

"என்ன மாஸ்டர்?"

"என் கால் டயத்துக்குத்தான் வந்துச்சு. லேட்டில்ல. ஒரு இம்மி லேட்டில்ல." பெடலை விரலால் சுட்டிக்காட்டினார். "ஆனா பெடல் அங்க இல்ல. அதுக்கு முன்னாடியே கீழ போயிருந்துச்சு."

பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் பெடல்களையும் ஒரு கம்பி இணைத்திருக்கும். ஒருவர் மிதித்தால் மற்றவர் பக்கத்துப் பெடலும் சேர்ந்து இறங்கும். அது எனக்குப் புரிந்து, நான் குனிந்து என் காலைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். என் வலது கால் பிரேக்கை அடித்தளம் வரை அழுத்திக்கொண்டிருந்தது. எப்போது போனது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. எடுக்கப் பார்த்தேன், கால் மரத்துப்போன மாதிரி எழ மறுத்தது.

"எனக்கும் வந்துடுச்சு மாஸ்டர்!" என்றேன். அசட்டுத்தனமாக, தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த மாதிரி என்னை அவர் பார்த்ததில்லை. பிறகு, "ஸ்டார்ட் பண்ணுங்க டிரைவர்" என்றார்.

நான் சாவியைத் திருப்பினேன். கண்ணாடி பார்த்தேன். கிளட்சை விடுவதற்கு முன்னால், பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர் குனிந்து, இருக்கைக்கு அடியில் இருந்த கைப்பிடியைத் தூக்கி, தன் இருக்கையைப் பிரேக்கிலிருந்து ஒரு படி பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.